சிறை மருத்துவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

சிறைக்குள் நோயுற்றவருக்கு உரிய சிகிச்சை கிடைக்கச் சட்டம் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியை இங்கிலாந்து நாடாளுமன்றம் 1774-இல் எதிர்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025-இலும் எதிர்கொண்டது. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில் விடைகளுக்குப் பஞ்சமில்லை. சிறைச் சுவருக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கச் சொன்ன சட்டம் உண்டு. மருத்துவரைச் சிறைத்துறையிடமிருந்து பிரித்தெடுத்த சட்டமும், கைதிகளின் எண்ணிக்கையையே குறைக்கச் சொன்ன தீர்ப்பும் உண்டு. இவற்றில் எது பலன் தந்தது, எது ஏட்டோடு நின்றது, ஏன் அப்படி நின்றது என்பதை இந்தியச் சிறைகளை மையமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் நாட்டின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். இடமோ 4,36,266 பேருக்குத்தான். உள்ளே இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அந்த ஓராண்டில் 1,995 பேர் சிறைக்காவலில் இறந்தனர். அவற்றில் 1,773 சாவுகள் 'இயற்கை மரணம்' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. காலத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் இதில் எத்தனை பேர் என்பதை அந்தத் தலைப்பு சொல்வதில்லை. சிறை மருத்துவம் பற்றிய விவாதம் அனைத்தும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

காய்ச்சலுக்குப் பயந்து பிறந்த சட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூக்குமரத்தைவிட அதிகம் பேரைக் கொன்றது சிறைக் காய்ச்சல் என்று சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் எழுதினார். இன்று டைபஸ் என்று அறியப்படும் அந்த நோய் சிறையோடு நிற்கவில்லை. கைதிகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகளுக்கும் சாட்சிகளுக்கும் தொற்றியது. 1774-இல் நிறைவேறிய சட்டம், சிறைகளில் நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும், மருத்துவர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும், சுவர்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துமாறு சிறை அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தும் கண்காணிப்பு வலுவாக இல்லை. ஹோவர்ட் தம் செலவில் சட்டத்தின் படிகளை அச்சிட்டுச் சிறைகளுக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1777-இல் வெளிவந்த அவருடைய சிறை ஆய்வு நூல், அந்தச் சட்டம் பல இடங்களில் சீந்தப்படவே இல்லை என்று பதிவு செய்தது.

இரண்டு செய்திகள் இங்கேயே தெரிந்துவிடுகின்றன. சிறை மருத்துவச் சட்டத்தின் முதல் உந்துதல் வெளியே இருப்பவர்களின் பாதுகாப்பு. கைதியின் உரிமை பிறகுதான் வந்தது. அடுத்தது, சட்டம் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கண்காணிக்க வலுவான ஏற்பாடு இல்லை.

காலனிய இந்தியாவிலும் கதை ஏறக்குறைய இதுதான். மெக்காலேயின் முயற்சியில் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838-இல் அறிக்கை தந்தது. சிறை என்பது அஞ்சத்தக்க இடமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. காலராவும் வயிற்றுக்கடுப்பும் சிறைகளைக் காலி செய்த பிறகு, 1864-இல் அமைந்த குழு இடவசதி, உணவு, மருத்துவர் நியமனம் ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. இவற்றின் தொகுப்பாக வந்தது 1894-ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டம். மேற்கு வங்கம் 1992-இலும் டெல்லி 2000-இலும் கேரளம் 2010-இலும் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறையின் அடித்தளச் சட்டமாக இருந்தது 1894-இன் சட்டமே.

'கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு'

இந்தச் சட்டத்தை மோசமான சட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதன் மருத்துவப் பிரிவுகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. ஒவ்வொரு சிறைக்கும் மருத்துவ அலுவலர் இருக்க வேண்டும் (பிரிவு 6). புதிதாக வருபவரை மருத்துவர் பரிசோதித்து, உடலிலுள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிய வேண்டும் (பிரிவு 24). சிறை ஒழுங்கு ஒருவரின் மனநிலையைப் பாதிக்கிறது என்று மருத்துவர் கருதினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 14). ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனை அல்லது நோயாளிகளைத் தங்கவைக்கும் இடம் வேண்டும் (பிரிவு 39). இவை 1894-இல் எழுதப்பட்டவை என்பது வியப்பளிக்கலாம்.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. மருத்துவ அலுவலர் சிறையின் சுகாதாரத்தைப் பொறுப்பேற்று நடத்துவார் என்று சொல்லும் 13-ஆம் பிரிவு, 'கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு' என்ற தொடரோடு தொடங்குகிறது. 38-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. ஒரு கைதியைப் பற்றி மருத்துவர் தரும் அறிவுரைகளை அன்றாடம் அவருடைய வரலாற்றுச் சீட்டில் எழுத வேண்டும்; ஒவ்வோர் அறிவுரையும் நிறைவேற்றப்பட்டதா, நிறைவேற்றப்படவில்லையா என்பதை ஜெயிலர் அதற்கு எதிரே குறிக்க வேண்டும். 'நிறைவேற்றப்படவில்லை' என்று எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பிரிவில் அதற்கு விடை இல்லை. மருத்துவரின் சொல்லை மீறுவதற்கு ஒரு பத்தியும் தேதியும் போதும்.

அதே மருத்துவரிடம் சட்டம் வேறொரு வேலையையும் ஒப்படைத்தது. கசையடி போன்ற தண்டனைகளைத் தாங்கும் உடல்நிலை கைதிக்கு இருக்கிறதா என்று அவர் சான்று தர வேண்டும் (பிரிவு 50). ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இதற்கு நேர் எதிரானவை. ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனைகளில் மருத்துவப் பணியாளருக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது என்கிறது 46-ஆம் விதி. மருத்துவ முடிவுகளை மருத்துவர்களே எடுக்க வேண்டும், மருத்துவம் சாராத சிறை அலுவலர்கள் அவற்றை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27-ஆம் விதி. இந்த விதிகள் இந்தியாவைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் 1894-இன் 38-ஆம் பிரிவையும் இந்த 27-ஆம் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இரட்டைக் கடமையின் விளைவை இந்திய வரலாறு 1929-இல் கண்டது. லாகூர் சிறையில் உண்ணாநோன்பிருந்த விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் தாஸுக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்த முயன்றபோது அவருடைய நுரையீரல் பாதிக்கப்பட்டது. நோன்பின் 63-ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று அவர் இறந்தார். வலுக்கட்டாயமாக உணவூட்டியவர் சிகிச்சை தந்தாரா, சிறை நிர்வாகத்தின் கட்டளையை நிறைவேற்றினாரா என்று பிரித்துச் சொல்ல அன்றைய சட்டத்தில் வழியில்லை.

நீதிமன்றங்கள் சென்ற வழி

சட்டமன்றங்கள் அசையாதபோது நீதிமன்றங்கள் அந்த இடத்தை நிரப்பலாம் என்பது ஒரு நிலைப்பாடு. அமெரிக்காவில் இதன் தொடக்கம் 1976-ஆம் ஆண்டின் எஸ்டல் எதிர் கேம்பிள் தீர்ப்பு. டெக்சஸ் சிறையில் வேலை செய்தபோது பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட கைதியின் வழக்கு அது. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே பொருட்படுத்தாமல் விடுவது, கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தை மீறுவதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. பெரிய வெற்றிதான், ஆனால் அளவுகோல் மிகக் கடினமானது. அலட்சியமும் தவறான சிகிச்சையும் போதா. அதிகாரி ஆபத்தை அறிந்தே அசட்டை செய்தார் என்று நிறுவ வேண்டும். கேம்பிள் தாமே அந்த வழக்கில் வெல்லவில்லை.

இந்தியாவில் சுனில் பத்ரா வழக்குகளில் (1978, 1979) நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சிறை வாசலில் அடிப்படை உரிமைகள் கழன்று விழுவதில்லை என்று நிறுவினார். 1996 டிசம்பரில் வந்த ராமமூர்த்தி எதிர் கர்நாடக அரசு தீர்ப்பு, சிறைகளின் ஒன்பது பிரச்சினைகளைப் பட்டியலிட்டது. நெரிசலுக்கும் சித்திரவதைக்கும் அடுத்து உடல்நலப் புறக்கணிப்பு அதில் இடம்பெற்றது. 1894-இன் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 1980 முதல் 1983 வரை பணியாற்றிய நீதிபதி ஏ.என். முல்லா தலைமையிலான குழு அறுநூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளை முன்வைத்திருந்தது. பெண் கைதிகள் குறித்துக் கிருஷ்ணய்யர் குழு 1987-இல் அறிக்கை தந்திருந்தது. 2013-இல் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோதி எழுதிய கடிதம் '1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை' என்ற வழக்காக மாறியது. நீதிபதி மதன் லோகுர் அமர்வு 2016-இலும் 2017-இலும் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2018-இல் நீதிபதி அமிதவ ராய் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. 2017 முதல் 2021 வரை நிகழ்ந்த 817 இயற்கைக்கு மாறான சாவுகளில் 660 தற்கொலைகள் என்று அந்தக் குழு கண்டது.

இந்த வழியின் வலிமை, முகமற்றவரின் கடிதம்கூட வழக்காக முடியும் என்பது. பலவீனம், உத்தரவுக்குப் பின்னால் பணமும் பணியாளரும் வருவதற்கு எந்த உறுதியும் இல்லை என்பது. மாதிரிச் சிறைக் கையேடு (2016) 300 கைதிகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறது. 2025-இன் இந்திய நீதி அறிக்கையின்படி, நாட்டில் சராசரியாக 775 கைதிகளுக்கு ஒரு மருத்துவர். உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 25 பேர். அவர்கள் ஐந்தே முக்கால் லட்சம் பேருக்கும் பொது. நான்கு பத்தாண்டுத் தீர்ப்புகளுக்குப் பின்னும் நிலை இதுவென்றால், தீர்ப்பு மட்டும் போதாது என்று சொல்வதில் மிகையில்லை.

மருத்துவரை வேறு துறைக்கு மாற்றினால்?

இன்று சர்வதேச அளவில் செல்வாக்குள்ள விடை இது: சிறை மருத்துவத்தைச் சிறைத்துறையிடமிருந்து எடுத்துச் சுகாதாரத் துறையிடம் கொடுங்கள். நார்வே 1988-இல் சிறைவாசிகளின் அடிப்படை மருத்துவத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. பிரான்ஸ் 1994 ஜனவரிச் சட்டத்தின் மூலம் பொது மருத்துவமனைகளிடம் தந்தது. இங்கிலாந்தில் தலைமைச் சிறை ஆய்வாளர் 1996-இல் எழுப்பிய கண்டனத்தைத் தொடர்ந்து, 2006-க்குள் பொறுப்பு தேசியச் சுகாதாரச் சேவைக்குப் போனது. பின்லாந்து 2016-இல் பின்தொடர்ந்தது. இந்த மாற்றத்தால் மருத்துவர் தனிமைப்படாமல் தம் துறையோடு தொடர்பில் இருக்கிறார், தரம் பொதுச் சுகாதார அளவுகோலால் அளக்கப்படுகிறது, கைதி விடுதலையானபின் சிகிச்சை அறுந்துபோவதில்லை என்பவை இதன் ஆதரவாளர் வாதங்கள்.

இந்தியாவில் இதற்கு அரசியலமைப்புத் தடையே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏழாம் அட்டவணையில் சிறைகள், பொதுச் சுகாதாரம் இரண்டுமே மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரு மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் ஒரே சட்டத்தில் இதைச் செய்யலாம். பல மாநிலங்களில் மருத்துவர்கள் இப்போதே சுகாதாரத் துறையிலிருந்து அயற்பணியில் வருகிறார்கள். ஆனால் அன்றாடத்தில் அவர்கள் கண்காணிப்பாளரின் கீழ் வேலை செய்யும்வரை சம்பளம் எந்தத் துறையிலிருந்து வருகிறது என்பது இரண்டாம்பட்சம்.

இந்த விடைக்கும் எல்லைகள் உண்டு. காலனிய இந்தியாவில் பல மாவட்டச் சிறைகளின் கண்காணிப்பாளராகவே சிவில் சர்ஜன் இருந்தார். 1894-இன் சட்டமும் இரு பதவிகளும் ஒருவரிடமே இருக்க இடம் தந்தது. மருத்துவரே சிறையின் தலைவராக இருந்தும் சிறை மனிதத்தன்மை பெற்றுவிடவில்லை. மருத்துவர்தான் சிறை அதிகாரியாக மாறினார்.

இன்னும் கசப்பான சான்று சாத்தான்குளம். 2020 ஜூனில் காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று பெறப்பட்ட பிறகே நீதித்துறை நடுவர் முன் கொண்டுசெல்லப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். சான்று வந்தது சிறைத்துறை மருத்துவரிடமிருந்து அல்ல, பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவமனையிலிருந்து. துறை மாறினால் மட்டும் அச்சம் மாறிவிடாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. மருத்துவர் உண்மையை எழுதினால் அவரைக் காக்கவும், எழுதாவிட்டால் கேள்வி கேட்கவும் ஓர் அமைப்பு வேண்டும்.

மூன்றாவது எல்லை வழிக்காவல். சிறை மருத்துவர் வெளி மருத்துவமனைக்கு எழுதித் தந்தாலும், அழைத்துச் செல்ல ஆயுதப்படைக் காவலர் வர வேண்டும். தேர்தல், திருவிழா, தலைவர் வருகை என்று ஏதேனும் வந்தால் காவலர்கள் அங்கே போய்விடுவார்கள். கைதியின் ஸ்கேன் தேதி தள்ளிப்போகும். சீர்திருத்தத்தின் முன்னோடியான இங்கிலாந்திலேயே சிறைவாசிகளின் வெளிநோயாளர் சந்திப்புகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு நடக்காமல் போயின என்று நஃபீல்ட் டிரஸ்ட் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; போதிய காவலர் இல்லாமை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. அங்கே அதை எண்ணவாவது செய்கிறார்கள். நம் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் நடக்காமல் போன மருத்துவச் சந்திப்புகளுக்கு ஒரு பத்திகூட இல்லை.

'வெளியே கிடைப்பதற்குச் சமமாக'

வெளியிலுள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரம் சிறையிலும் கிடைக்க வேண்டும் என்பது மண்டேலா விதிகளின் 24-ஆம் விதி. கேட்பதற்கு நியாயமாக ஒலிக்கும் இந்தக் கொள்கையை இரு திசைகளிலிருந்து விமர்சிக்கிறார்கள். வெளியே ஏழைகளுக்கே நல்ல மருத்துவம் இல்லாதபோது கைதிக்கு எதற்கு என்பது மக்களிடையே அடிக்கடி எழும் குரல். இதற்கு விடை உண்டு. வெளியே இருப்பவர் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போகலாம், கடன் வாங்கித் தனியார் மருத்துவரைப் பார்க்கலாம். கைதியிடமிருந்து அந்த வழிகளைப் பறித்தது அரசு. ஆகவே அவருக்கு அரசின் கடமை கூடுதலானது. எந்த நீதிமன்றத் தண்டனையிலும் காசநோய் ஒரு பகுதியாக இல்லை.

மற்றொரு விமர்சனம் ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. சிறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நோயுற்ற, ஏழ்மைப்பட்ட, போதைப் பழக்கத்தில் சிக்கிய மக்கள். காசநோயும் மனநோயும் அங்கே பொதுமக்களிடையே உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். சம அளவு சேவை தந்தால் சம அளவு நலம் விளையாது. ஆகவே சமத்துவத்தைச் சேவையால் அளக்காமல் விளைவால் அளக்க வேண்டும் என்று ரிக் லைன்ஸ் 2006-இல் வாதிட்டார். தர்க்கம் வலுவானது. ஆனால் விளைவை அளக்கத் தரவு வேண்டும். அது இல்லாத நாட்டில் இக்கொள்கையைச் சட்டமாக்கினால் மற்றொரு நல்ல வாசகமாகவே நிற்கும் என்ற ஐயமும் நியாயமானதே.

தனித்தனிச் சட்டங்கள்

சிறைச் சட்டம் மாறாமல் கிடந்தபோது, பிற சட்டங்கள் பக்கவாசல் வழியாகச் சிறைக்குள் நுழைந்தன. எச்.ஐ.வி. சட்டம் (2017) அரசின் காவலில் உள்ள எவருக்கும் தடுப்பு, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றை உரிமையாக்கியது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் வேண்டும் என்று 103-ஆம் பிரிவில் கட்டளையிட்டது. ஆனால் அதே பிரிவு, தம் சிறையில் மனநோயுள்ள கைதிகள் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புமாறு சிறை மருத்துவரைக் கேட்கிறது. 'இல்லை' என்ற விடையைச் சட்டமே முன்கூட்டி எழுதிவைத்தால், நோயாளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஊக்கம் எப்படி வரும்?

மாற்றுத்திறனாளிகளின் நிலையும் நீண்ட காலம் கவனிக்கப்படவில்லை. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய ஸ்டேன் சுவாமி, திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே வாழ்ந்த பாதிரியார், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் உள்ள குவளை கேட்டு நீதிமன்றம் போக நேர்ந்தது. 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, விசாரணைக் கைதியாகவே அவர் இறந்தார். பொதுவான ஜாமீன் சட்டம் நோயுற்றோருக்கும் நலிந்தோருக்கும் ஒரு விலக்கு தருகிறது. அவர்மீது பாய்ந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் ஜாமீன் பிரிவில் அது இல்லை. 2025 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், மாற்றுத்திறன் கொண்ட கைதிகளைச் சேர்க்கையின்போதே அடையாளம் காணவும், அவர்களுக்கேற்ற கழிப்பறை, சாய்தளம், சிகிச்சை ஆகியவற்றை அமைக்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இதைச் சட்டமன்றம் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சாதியும் ஒரு சுகாதாரப் பிரச்சினை என்பதைச் சிறைக் கையேடுகள் அறியாமலேயே நிரூபித்தன. யார் சமைக்க வேண்டும், யார் கழிப்பறை கழுவ வேண்டும் என்பதைப் பிறப்பால் தீர்மானித்த விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தொகுதிகள் பிரிக்கப்பட்டதும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

கூட்டத்தைக் குறைக்காமல் முடியுமா?

மருத்துவர், மருந்து, கட்டடம் பற்றியெல்லாம் பேசுவதே அடிப்படைத் தவறு, உள்ளே இவ்வளவு பேர் இருக்கும்வரை எதுவும் நடக்காது என்பது மற்றொரு நிலைப்பாடு. இதன் உச்சம் 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரவுன் எதிர் பிளாட்டா தீர்ப்பு. ஏறக்குறைய 80,000 பேருக்காகக் கட்டப்பட்ட கலிபோர்னியச் சிறைகளில் அதைப் போல் இரு மடங்கு பேர் இருந்தனர். மருத்துவப் புறக்கணிப்பின் முதற்காரணம் நெரிசலே என்று ஏற்ற நீதிமன்றம், கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கும் உத்தரவை உறுதிசெய்தது.

இந்தியாவுக்கு இந்த வாதம் இன்னும் பொருந்தும். முக்கால் பங்கு பேர் விசாரணைக் கைதிகள் என்பதால், சிறை மருத்துவத்துக்கான மிகப்பெரிய சட்டம் ஜாமீன் சட்டமாகவே இருக்கக்கூடும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ஜாமீனுக்கு வழி செய்கிறது. விண்ணப்பிக்கும் பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர்மேல் சுமத்துகிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. யார் செய்ய வேண்டும் என்று பெயர் குறித்து எழுதிய சட்டம் என்பதால் இதற்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றச்சாட்டுகளும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளும் விலக்கப்பட்டுள்ளன. ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு இது உதவாது.

கொரோனாக் காலம் ஓர் எச்சரிக்கை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற உத்தரவால் உயர்நிலைக் குழுக்கள் அமைந்து பலர் தற்காலிகமாக வெளிவந்தனர். 2020 இறுதியில் 118 சதவீதமாக இருந்த நெரிசல் ஓராண்டில் 130 சதவீதத்தைத் தாண்டியது. கைது செய்யும் பழக்கம் மாறாமல் விடுவிப்பை மட்டும் விரைவுபடுத்தினால், காலியான இடம் மீண்டும் நிரம்பிவிடுகிறது. நெரிசல் மட்டுமே காரணம் என்பதும் முழு உண்மையல்ல. தமிழ்நாட்டுச் சிறைகள் ஒட்டுமொத்தக் கொள்ளளவை மீறாதவை. இங்கே தனிக் கேள்வி தடுப்புக் காவல். குண்டர் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஓராண்டுவரை அடைக்கப்படுவோர் இங்கு மற்ற மாநிலங்களைவிட அதிகம். 479-ஆம் பிரிவு அவர்களைத் தொடுவதே இல்லை.

யார் உள்ளே போய்ப் பார்ப்பது?

ஹோவர்டின் காலத்திலிருந்து தொடரும் பிரச்சினை இது. மாவட்ட நீதிபதி முதல் அலுவல்சாராப் பார்வையாளர் வரை சிறையைப் பார்வையிட நம் விதிகளில் ஏற்பாடு உண்டு. காவலில் நிகழும் சாவை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வழக்கம் 1993 முதல் இருக்கிறது. நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம். இவை பெரும்பாலும் சாவுக்குப் பிந்தைய ஏற்பாடுகள். முன்னறிவிப்பின்றி உள்ளே சென்று, மருத்துவப் பதிவேட்டைப் புரட்டி, கைதியிடம் தனியாகப் பேசி, கண்டதை வெளியிடும் நிரந்தர அமைப்பு ஒன்று இங்கிலாந்தில் உண்டு, இந்தியாவில் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே அதன் கூடுதல் நெறிமுறை கோரும் தன்னாட்சிப் பார்வையிடலும் இங்கே வரவில்லை.

தீராமல் இருப்பவை

ஒன்றிய உள்துறை 2023 மே மாதத்தில் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1894-ஐக் கைவிடுவதாக அறிவித்த அதன் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும் மாதிரி என்பதால் அது எவரையும் கட்டுப்படுத்தாது. 1960, 2003, 2016 ஆண்டுகளின் மாதிரிக் கையேடுகள் மாநிலங்களில் அரைகுறையாகவே ஏற்கப்பட்டதை நினைத்தால் பெரிய நம்பிக்கை வைப்பது கடினம்.

துறை மாற்றம் ஏழை மாநிலங்களில் பலன் தருமா, அங்கே சுகாதாரத் துறையே மருத்துவரின்றித் தவிக்கும்போது சிறைக்கு யாரை அனுப்பும் என்பது திறந்த கேள்வி. அண்டை மாநிலங்களை ஒப்பிட்டு இதை ஆய்ந்தால் மட்டுமே விடை தெரியும். விளைவை அளக்கும் தரவு எப்போது வரும் என்பதும் தெரியவில்லை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவ ஜாமீன் உரிமையாகுமா, நீதிபதியின் கருணையாகவே நீடிக்குமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

இவ்வளவு ஐயங்களுக்கு நடுவிலும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். சட்டம் இல்லாமையால் இந்தியச் சிறைவாசி சாகவில்லை. மீறினால் யார் பதில் சொல்வது என்று எழுதாத சட்டத்தால் சாகிறார். 1894-க்கு மாற்றாகத் தம் சட்டத்தை எழுதும் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் 'கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு' என்ற தொடரை நீக்க வேண்டும். மருத்துவரின் அறிவுரை சிறை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்று எழுத வேண்டும். அது நிறைவேறாத ஒவ்வொரு முறையும் காரணத்தோடு மாவட்ட நீதிபதிக்கு 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காத அலுவலர்மீது நடவடிக்கை உண்டு என்றும் எழுத வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வாக்காளர்கள் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய கோரிக்கை இது.